டைம்ஷேர் நிறுவனமும் எஸ்டிஎஸ் 940-உம்: ஒரு கணினியை இத்தனை பேர் எப்படிப் பகிர்ந்தார்கள்?

கணிமுத்து (கேள்வி)

வணக்கம். கல்லூரி மாணவர்களுக்குக் கணினி வரலாற்றுப் பாடம் ஒன்று தயாராகிறது. நேரப் பகிர்வு பற்றிய பகுதிக்குக் கலிபோர்னியாவின் டைம்ஷேர் நிறுவனத்தை எடுத்திருக்கிறோம். டாம் ஓரூர்க், டேவ் ஷ்மிட் இருவரும் 1960-களின் நடுவில் தொடங்கியது, எஸ்டிஎஸ் என்ற நிறுவனத்தின் 940 கணினியை வைத்துத் தொழில் நடத்தியது, பிறகு டைம்நெட் வலையமைப்பைக் கட்டியது, 1984-இல் மெக்டொனல் டக்ளஸ் வாங்கிக்கொண்டது. இந்த மேலோட்டம் எங்கு தேடினாலும் கிடைக்கிறது. உள்ளே நடந்தது என்ன என்பதுதான் பிடிபடவில்லை.

1. 940-இன் மெமரி இன்றைய ஒரு சின்னப் படக் கோப்புக்குக் கூடப் போதாது. அதில் ஒரே நேரத்தில் பல பத்துப் பேர் எப்படி வேலை செய்தார்கள்?
2. வாடிக்கையாளரின் மேஜையில் என்ன இருந்தது? இணைப்புப் போடுவதிலிருந்து வேலை முடிப்பது வரை என்ன செய்தார்கள்?
3. கணினி நேரம் விற்ற நிறுவனம் வலையமைப்பு கட்டப் போனது ஏன்?
4. தொழில் ஏன் நின்றது?

தெரிந்தவர்கள் எண்களோடு சொன்னால் பாடத்துக்கு உதவும்.

---

வடவை

முதல் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தாலே சிக்கல் எங்கே என்று தெரிந்துவிடும்.

940-இல் ஒரு சொல் என்பது 24 பிட். கோர் மெமரி முழு அளவில் 64கே சொற்கள், அதாவது 65,536. இன்றைய கணக்கில் 192 கேபி. ஒவ்வொரு பயனருக்கும் தனக்கென்று 16கே சொற்கள் இருப்பதாகத் தோன்றும். நான்கு பேர் அதை முழுதாகப் பயன்படுத்தினாலே மெமரி தீர்ந்துவிடும். மானிட்டர், அதாவது அன்றைய ஓஎஸ், உட்காரவே இடம் இருக்காது.

இதைத் தாங்கியது பக்க அட்டவணை. பயனரின் நிரல் தருவது 14 பிட் முகவரி. மேல் 3 பிட், எட்டுப் பக்கங்களில் எது என்று சொல்லும். மீதி 11 பிட், அந்தப் பக்கத்துக்குள் எந்த இடம் என்று சொல்லும். ஒரு பக்கம் 2,048 சொற்கள். எட்டுப் பக்கங்களுக்கும் எட்டு 6-பிட் பதிவுகள், இரண்டு 24-பிட் ரிஜிஸ்டர்களில் நாலு நாலாக இருக்கும். அந்த 6 பிட்டில் 5 பிட், உண்மையான மெமரியின் 32 தொகுதிகளில் எது என்பதற்கு. மிஞ்சும் 1 பிட் "படிக்கலாம், எழுதக் கூடாது" என்பதற்கு.

பலகையில் போட்டுக் காட்ட ஒரு உதாரணம்: நிரல் 5,000-ஆம் முகவரியைக் கேட்கிறது. 5,000-ஐ 2,048-ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 904. 2-ஆம் பக்கத்தின் பதிவில் 19 என்று இருந்தால் வன்பொருள் போகும் இடம் 19 × 2,048 + 904 = 39,816. நிரலுக்கு இது எதுவும் தெரியாது. அடுத்த முறை அதே பக்கம் டிரம்மிலிருந்து (மெமரியில் இடமில்லாத பக்கங்களை வைக்கும் காந்த உருளை) திரும்பி வந்து 7-ஆம் தொகுதியில் உட்கார்ந்தால், பதிவில் 7 என்று மாற்றினால் போதும்.

அந்த ஒற்றைப் படிக்க-மட்டும் பிட்டை மாணவர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தொழிலே அதில்தான் ஓடியது. எடிட்டரும் மொழிகளின் கம்பைலரும் தங்களைத் தாங்களே மாற்றிக்கொள்ளாத நிரல்களாக எழுதப்பட்டன. அதனால் பத்துப் பேர் எடிட்டரில் இருந்தாலும் மெமரியில் எடிட்டர் ஒரே பிரதி. பத்துப் பேரின் அட்டவணையும் அதே தொகுதிகளைச் சுட்டும், யாரும் அதில் எழுத முடியாது. ஆளுக்கு ஆள் வேறுபடுவது அவரவர் உரையும் தரவும் இருக்கும் ஓரிரு பக்கங்கள்தான்.

அடுத்தது வரிசை. யாருடைய நிரல் அடுத்து ஓடும் என்று முடிவு செய்யும் ஷெட்யூலர் எல்லோரையும் சமமாகச் சுற்றி வரவில்லை. டெலிடைப்பிலிருந்து (வாடிக்கையாளர் தட்டும், விடையை அச்சிடும் கருவி) உள்ளீடு வந்ததால் விழித்தவருக்கு முதலிடம். உள்ளீடு-வெளியீட்டு வேலை முடிந்து விழித்தவர் அடுத்து. குறுகிய தவணை (ஒரு முறைக்கு ஒதுக்கிய கணினி நேரம்) தீர்ந்தும் வேலை முடியாதவர் அதற்குப் பின். நீண்ட தவணையையும் தீர்த்தவர் கடைசி. ஒரு வரி தட்டிவிட்டு விடைக்காகக் காத்திருப்பவர் உடனே பதில் பெறுவார். பெரிய கணக்கை ஓட விட்டவர், தாமதமாவதைக் கவனிக்க மாட்டார். வாடிக்கையாளர் பணம் கொடுத்தது அந்த உடனடிப் பதிலுக்குத்தான்.

இன்னொரு நுணுக்கம்: எழுத்துக்கு எழுத்து நிரலை எழுப்பவில்லை. எந்தெந்த எழுத்து வந்தால் என்னை எழுப்பு என்று நிரல் முன்கூட்டியே மானிட்டரிடம் சொல்லி வைக்கும். பெரும்பாலும் வரி முடிக்கும் விசை. அதுவரை வருவதை மானிட்டர் பஃபரில் சேர்க்கும், தட்டிய எழுத்து அச்சாகும்படி திருப்பி அனுப்பும் எக்கோவையும் அதுவே அனுப்பும். நிரல் டிரம்மில் உறங்கும்.

எங்கே உடையும்? பல பேர் ஒரே சமயம் 16கே முழுதும் நிரம்பிய நிரல்களை, அதுவும் கணக்குப் போடும் நிரல்களை, ஓட விட்டால். அப்போது ஒவ்வொரு தவணைக்கும் ஒருவரை டிரம்முக்குத் தள்ளி அடுத்தவரை இழுத்து வர வேண்டும். கணிக்கும் நேரத்தைவிட மாற்றும் நேரம் மிஞ்சிவிடும். ஒருவர் ஓடும்போதே அடுத்தவரின் பக்கங்களை உள்ளே கொண்டுவந்து வைப்பது இதைத் தள்ளிப்போடும், தீர்க்காது. பயனர் எண்ணிக்கைக்கு மேல்வரம்பு வைத்ததற்கு இதுதான் காரணம்.

---

இழைவலை

வடவை சொன்ன பக்க அட்டவணை டைம்ஷேர் கண்டுபிடித்தது இல்லை. பாடத்தில் அந்தக் குழப்பம் வரக் கூடாது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான அர்ப்பாவின் நிதியில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நடந்த ஜீனி திட்டம், எஸ்டிஎஸ் 930 என்ற சாதாரணக் கணினியை வாங்கி இந்த வசதிகளைச் சேர்த்தது. பட்லர் லாம்ப்சன், பீட்டர் டாய்ச், மெல் பர்ட்டில், வேய்ன் லிக்டன்பெர்கர் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். அந்த வடிவத்தை எஸ்டிஎஸ் நிறுவனம் 940 என்ற பெயரில் 1966-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மிச்சிகனில் ஆன் ஆர்பரின் காம்ஷேரும் இதே 940-ஐ வைத்துத்தான் தொழில் செய்தது.

ஆனால் பல்கலைக்கழக ஓஎஸ்ஸை அப்படியே காசுக்கு விற்க முடியாது. நாள் முழுக்க விழாமல் ஓட வேண்டும், ஒவ்வொருவரின் நேரத்தையும் தப்பாமல் எண்ண வேண்டும், ஒருவர் கோப்பை இன்னொருவர் பார்க்கக் கூடாது. டைம்ஷேரில் அந்த வேலையைச் செய்தவர் ஆன் ஹார்டி. அதற்கு முன் ஐபிஎம்மின் ஸ்ட்ரெட்ச் கணினியில் வேலை பார்த்தவர். ஓரூர்க், ஷ்மிட் பெயர்களோடு இவர் பெயரும் பாடத்தில் இடம்பெற வேண்டும்.

எடிட்டர் என்று வடவை சொன்னது கியூஈடி. லாம்ப்சனும் டாய்ச்சும் எழுதியது. கென் தாம்சன் பின்னாளில் யூனிக்ஸுக்கு எழுதிய ஈடி எடிட்டரின் மூதாதை அதுதான். லினக்ஸ் படிக்கும் மாணவர்களுக்கு இந்தத் தொடர்பு பிடிக்கும்.

---

காகிதநாடா

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மேஜையில் இருந்தது திரை இல்லை. டெலிடைப் மாடல் 33, ஏஎஸ்ஆர் வகை: விசைப்பலகை, காகிதச் சுருளில் அச்சு, இடப்பக்கம் நாடா துளைப்பானும் நாடா படிப்பானும். வேகம் 110 பாட். ஒரு எழுத்துக்கு 11 பிட்: தொடக்கத்துக்கு 1, எழுத்துக்கும் பாரிட்டிக்கும் 8, முடிவுக்கு 2. ஆக நொடிக்கு 10 எழுத்து. வரிக்கு 72 எழுத்து.

இந்த 10 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். வரிக்கு 25 எழுத்து வீதம் 200 வரி நிரல் என்றால் 5,000 எழுத்து. அதை அனுப்பவே 8 நிமிடம் 20 நொடி. கையால் தட்டினால் அதைப்போல் பல மடங்கு. இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கட்டணம் ஓடுகிறது. ஆகவே வேலை இந்த வரிசையில் நடக்கும்:

முதலில் இயந்திரத்தை லோக்கல் நிலைக்குத் திருப்புவார்கள். தொலைபேசி தேவையில்லை. துளைப்பானை ஆன் செய்து நிரலைத் தட்டினால் காகிதத்தில் அச்சாகும், நாடாவில் துளையும் விழும். நாடா ஒரு அங்குல அகலம், எட்டு வரிசைத் துளைகள், அங்குலத்துக்கு 10 எழுத்து. மேலே சொன்ன 5,000 எழுத்துக்கு நாடா 500 அங்குலம், ஏறக்குறைய 42 அடி.

தவறாகத் தட்டிவிட்டால் துளையை அடைக்க முடியாது, கூடுதலாகத் துளைக்க மட்டும்தான் முடியும். துளைப்பானில் உள்ள பின்நகர்வுப் பொத்தானை ஒரு முறை அழுத்தி நாடாவை ஒரு எழுத்து பின்னால் இழுத்து, ரப்-அவுட் விசையை அழுத்துவார்கள். அது எட்டுத் துளையையும் போட்டுவிடும். எட்டும் துளைத்திருந்தால் அந்த எழுத்தைக் கணக்கில் எடுக்காதே என்று பொருள். ஆஸ்கியில் அழித்தல் குறியீடு 127-ஆக, ஏழு பிட்டும் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் இந்த நாடாதான்.

நாடா தயாரான பிறகு லைன் நிலைக்கு மாற்றி, தொலைபேசியில் எண் சுழற்றுவார்கள். மறுமுனை மோடம் 2,225 ஹெர்ட்ஸ் ஒலி எழுப்பும். அது கேட்டதும் ரிசீவரை அகூஸ்டிக் கப்ளரின் இரண்டு ரப்பர் குழிகளில் அழுத்தி வைக்க வேண்டும். இந்தப் பக்கத்து மோடம் 1,270 ஹெர்ட்ஸில் பதில் தரும், இணைப்பு நிற்கும். பெல் 103 முறை இது. லாகின் முடிந்து, எடிட்டர் உள்ளீட்டுக்குத் தயாரானதும் நாடா படிப்பானை ஓட விடுவார்கள்.

அகூஸ்டிக் கப்ளர் ஏன் என்று மாணவர்கள் கேட்பார்கள். தொலைபேசி நிறுவனத்தின் கம்பியில் வெளியார் கருவியை மின்சாரமாக இணைக்கத் தடை இருந்தது. அவர்களிடமே டேட்டாசெட் என்ற மோடத்தை வாடகைக்கு எடுக்க வேண்டும். ஒலி வழியாக இணைத்தால் கம்பியைத் தொடவில்லை. 1968-இல் கார்ட்டர்ஃபோன் தீர்ப்பு வந்த பிறகே அந்தத் தடை தளரத் தொடங்கியது.

வழக்கமான கோளாறுகள் நான்கு. ரிசீவரைத் தலைகீழாகக் குழியில் வைத்தால் ஒன்றுமே வராது. குழி தளர்வாக இருந்தாலோ பக்கத்தில் சத்தம் இருந்தாலோ நடுவில் சம்பந்தமில்லாத எழுத்துகள் அச்சாகும். டூப்ளெக்ஸ் சுவிட்ச் தவறான பக்கம் இருந்தால் ஒவ்வொரு எழுத்தும் இரட்டையாக விழும், ஏனென்றால் இயந்திரமும் அச்சிடுகிறது, கணினியும் எக்கோ அனுப்புகிறது. நான்காவது, அச்சுத் தலை வரியின் கோடியிலிருந்து தொடக்கத்துக்குத் திரும்ப ஒரு எழுத்து நேரத்தைவிட, அதாவது பத்தில் ஒரு நொடியைவிட, அதிகம் எடுக்கும். அதனால்தான் தலையைத் திருப்பும் குறியீட்டை முதலிலும் காகிதத்தை ஏற்றும் குறியீட்டை அடுத்தும் அனுப்பினார்கள். வரிசையை மாற்றினால் அடுத்த வரியின் முதல் எழுத்து, தலை திரும்பும் வழியில் எங்காவது நடுவில் குத்திவிடும். விண்டோஸ் உரைக் கோப்புகளில் வரி முடிவுக்கு இன்றும் இரண்டு குறியீடு இருக்கிறதே, அந்த வரிசை இதேதான்.

---

கணிமுத்து

மிகவும் நன்றி. 5,000 எழுத்துக்கு 42 அடி நாடா என்பது மாணவர்கள் மறக்க முடியாத கணக்கு. ஒரு சந்தேகம்: எக்கோவைக் கணினியே அனுப்புகிறது என்றால், வெகு தூரத்தில் இருப்பவர் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் அங்கே போய்த் திரும்பி வந்துதானே அச்சாகும்? வலையமைப்பு வந்த பிறகு அது எப்படிச் சமாளிக்கப்பட்டது?

---

இழைவலை

சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். மூன்றாவது கேள்வியோடு சேர்த்துச் சொல்கிறேன்.

அன்றைய அமெரிக்காவில் உள்ளூர் அழைப்பு பெரும்பாலும் மாதக் கட்டணத்துக்குள் அடங்கியது, தொலைதூர அழைப்புக்கு நிமிடக் கணக்கில் கட்டணம். கணினி கலிபோர்னியாவில், வாடிக்கையாளர் இன்னொரு மாநிலத்தில் என்றால் தொலைபேசிச் செலவு கணினிக் கட்டணத்தைத் தொட்டுவிடும். நொடிக்கு 10 எழுத்து ஓடும் இணைப்புக்கு ஒரு முழுக் குரல் கம்பியை மணிக்கணக்கில் பிடித்து வைத்திருப்பது வீண். அதுவும் தட்டுபவர் யோசிக்கும் நேரமெல்லாம் கம்பி சும்மா கிடக்கிறது.

1968 வாக்கில் நார்ம் ஹார்டியும் லராய் டைம்ஸும் யோசித்த வழி: ஊருக்கு ஊர் ஒரு மினி கணினி வைப்பது, உள்ளூர் எண்ணில் அழைப்பை அது வாங்குவது, பலரின் எழுத்துகளைச் சேர்த்து ஒரே வாடகைக் கம்பியில் அனுப்புவது. வேரியன் 620 கணினிகளை நோடுகளாக வைத்து 1971-இல் வலையமைப்பு ஓடியது. (டைம்நெட் என்ற பெயர் லராய் டைம்ஸின் பெயரால் வந்தது இல்லை. அவர் வருவதற்கு முன்பே நிறுவனத்தின் பெயர் டைம்ஷேர். பெயர் ஒத்துப்போனது தற்செயல்.)

இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை தெரியும். அர்ப்பாநெட்டில் ஒரு பாக்கெட் ஒருவருடைய தரவு. ஒரே ஒரு எழுத்துக்கு ஒரு பாக்கெட் என்றால் தலைப்பும் செக்சமும் (பிழை கண்டுபிடிக்கச் சேர்க்கும் எண்) சரக்கைவிடப் பல மடங்கு கனம். டைம்நெட்டில் பக்கத்துப் பக்கத்து நோடுகளுக்கு இடையே போகும் ஒரு கட்டில் பல பயனர்களின் துணுக்குகள் இருக்கும்: சேனல் எண், எத்தனை எழுத்து, பிறகு எழுத்துகள், அடுத்தவரின் சேனல் எண், இப்படி. கட்டு முழுவதற்கும் ஒரே தலைப்பு, ஒரே செக்சம். 66 பைட்டுக்கு மேல் போகாத அளவு. 66 பைட் என்பது 528 பிட், 2,400 பிட் வேகக் கம்பியில் அது கடக்க 0.22 நொடி. கட்டு பெரிதானால் செலவு குறையும், ஆனால் பின்னால் நிற்பவர் காத்திருப்பது கூடும்.

அடுத்த நோடில் கட்டு பிரிக்கப்பட்டு, துணுக்குகள் அவரவர் போக வேண்டிய கம்பிக்கான கட்டுகளில் மறுபடி சேரும். பிழை இருந்தால் அந்த இரு நோடுகளுக்குள்ளேயே மறு அனுப்பல். ஒருவருக்குப் போகும் பாதை முழுதும் லாகின் நேரத்தில் ஒரு முறை தீர்மானிக்கப்படும். அதைச் செய்தது சூப்பர்வைசர் என்ற நிரல், ஆரம்பத்தில் ஒரு 940-இலேயே ஓடியது. பெயரையும் பாஸ்வேர்டையும் சரிபார்த்து, செலவு குறைந்த பாதையைத் தேர்ந்து, வழியிலுள்ள நோடுகளின் அட்டவணையில் பதிவு போடும். அதோடு அதன் வேலை முடிந்தது. சூப்பர்வைசர் விழுந்தாலும் பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது, புதிதாக வருபவர்தான் நிற்க வேண்டும். வேறு கணினிகளில் உறங்கிக்கொண்டிருக்கும் மாற்று சூப்பர்வைசர்களில் ஒன்று விழித்துப் பொறுப்பை எடுக்கும்.

ஒரு பக்கம் வேகமாக அனுப்பி மறுபக்கம் நொடிக்கு 10 எழுத்துதான் அச்சாகும் என்றால்? நோடில் பஃபர் நிரம்பும். நிரம்பிய நோடு பின்னாலிருப்பதைப் பார்த்து இந்தச் சேனலுக்கு நிறுத்து என்று சொல்லும், அது தனக்குப் பின்னாலிருப்பதிடம் சொல்லும். அழுத்தம் இப்படிப் படிப்படியாகப் பின்னேறிக் கடைசியில் கணினி நிரலையே நிறுத்தும். எழுத்து எதுவும் கொட்டிப் போவதில்லை.

எக்கோவுக்கு வருவோம். எழுத்து தூரத்துக் கணினிக்குப் போய்த் திரும்பினால் அரை நொடிக்கு மேல் கூட ஆகலாம். தட்டுபவர் தடுமாறிப்போவார். ஆகவே சாதாரணமாக வரி தட்டும்போது வாடிக்கையாளருக்குப் பக்கத்திலிருக்கும் நோடே எக்கோ அனுப்பும். ஆனால் நிரல் எக்கோவைத் தானே கட்டுப்படுத்த விரும்பும் நேரம் உண்டு. பாஸ்வேர்டு அச்சாகக் கூடாது, சில கட்டளைகளில் ஒரு எழுத்தைத் தட்டினால் முழுச் சொல்லும் அச்சாக வேண்டும். யார் எக்கோ போடுவது என்ற பொறுப்பு கை மாறும் கணத்தில் ஏற்கெனவே வழியில் இருக்கும் எழுத்துகள்தான் ஆபத்து: இருவரும் போட்டால் இரட்டை, இருவரும் விட்டால் காணாமல் போகும். அதனால் கைமாற்றத்துக்கான குறியீடுகளைத் தனி வழியில் அனுப்பாமல், தரவு எழுத்துகள் போகும் அதே ஓட்டத்துக்குள் வரிசை மாறாமல் அனுப்பினார்கள். குறியீட்டுக்கு முன்னால் வந்தது உன்னுடையது, பின்னால் வருவது என்னுடையது என்று இருபுறமும் சண்டையில்லாமல் தெரியும். இந்த ஒரு தீர்வுக்காகவே டைம்நெட்டைப் பாடத்தில் தனியாக எடுக்கலாம் என்பது என் கருத்து.

---

காகிதநாடா

ஒரு சிறு சேர்க்கை. டைம்நெட்டில் இணைந்ததும் முதலில் கேட்பது உங்கள் பெயரை அல்ல, டெர்மினல் அடையாள எழுத்தை. அந்த ஓர் எழுத்திலிருந்து உங்கள் கருவியின் வேகத்தையும், தலை திரும்ப எத்தனை எழுத்து நேரம் இடைவெளி விட வேண்டும் என்பதையும் நோடு முடிவு செய்யும். திரை டெர்மினலுக்கு ஏ. கருவிக்குப் பொருந்தாத எழுத்தைக் கொடுத்தால், மேலே சொன்ன வரி நடுவில் குத்தும் கோளாறு வரும், அல்லது தேவையில்லாத காத்திருப்பு.

---

வடவை

நான்காவது கேள்வி. ஒரே காரணம் சொல்வது சரியாக இருக்காது.

முதலில் இயந்திரம். எஸ்டிஎஸ்ஸை 1969-இல் ஜெராக்ஸ் வாங்கியது, 1975-இல் கணினித் தயாரிப்பையே விட்டது. டைம்ஷேர் அதற்குள் டெக் பிடிபி-10-க்கும் ஐபிஎம் 370-க்கும் கிளை விட்டிருந்தது. ஆகவே இது தொல்லைதான், மரண அடி இல்லை.

மரண அடி மேஜைக் கணினி. நேரப் பகிர்வு நிறுவனங்களின் கட்டணம் பொதுவாக மூன்று பாகம்: இணைந்திருந்த மணி, செலவான சிபியு நொடி, சேமித்த எழுத்துகளுக்கு மாத வாடகை. இந்தக் கட்டணத்தை யோசிக்காமல் கட்டிய வாடிக்கையாளர்கள் நிறுவனங்களின் நிதித் திட்டமிடல் பிரிவினர். வட்டி, செலவு, விலை என்று ஒரு எண்ணை மாற்றி மறுபடி கணக்குப் போடும் வேலை. 1979-இல் ஆப்பிள் 2 கணினிக்கு விசிகால்க் என்ற விரிதாள் நிரல் வந்ததும் அதே வேலையை, மீட்டர் ஓடாமல், மேஜையிலேயே செய்ய முடிந்தது. விசிகால்க்கை பாப் ஃபிராங்ஸ்டன் எழுதியது எம்ஐடியின் மல்டிக்ஸ் என்ற நேரப் பகிர்வுக் கணினியில், கட்டணம் குறைவான இரவு நேரத்தில் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

வலையமைப்பு மட்டும் வேறு வழியில் போனது. 1972-இலேயே அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன் தேடலுக்கு டைம்நெட் பயன்பட்டது. அதாவது டைம்ஷேருக்குச் சொந்தமில்லாத கணினிக்கு டைம்ஷேரின் கம்பி வழியாக ஆட்கள் போனார்கள். அடுத்தவர் கணினிகளை இணைத்துக் கொடுப்பதே தனி வருமானம் என்று தெரிந்த பிறகு, 1977-இல் டைம்நெட் அரசின் கட்டுப்பாட்டுக்குட்பட்ட பொதுத் தொடர்பு நிறுவனமாக ஆனது. மெக்டொனல் டக்ளஸிடமிருந்து 1989-இல் பிரிட்டிஷ் டெலிகாம் வாங்கியது டைம்நெட்டைத்தான்.

நீங்கள் விட்டுவிடக் கூடாத இன்னும் இரண்டு: மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கல்பார்ட்டின், ஆவணங்களைத் திரையில் கையாளும் என்எல்எஸ் அமைப்பை எஸ்ஆர்ஐ ஆராய்ச்சி நிறுவனத்திடமிருந்து 1970-களின் பிற்பகுதியில் டைம்ஷேர் வாங்கி, ஆக்மென்ட் என்று பெயர் மாற்றியது. எங்கல்பார்ட்டும் கூடவே வந்தார். நார்ம் ஹார்டி ஐபிஎம் 370-க்கு வடிவமைத்த நோசிஸ் என்ற ஓஎஸ், நிறுவனம் கை மாறிய பிறகு கீகோஸ் என்ற பெயரில் தொடர்ந்தது. ஒரே கணினியில் ஒருவரையொருவர் நம்பாத வாடிக்கையாளர்கள் தங்கள் நிரல்களைப் பகிர்ந்து விற்க வேண்டும், ஆனால் ஒருவர் தரவு மற்றவருக்குப் போகக் கூடாது என்ற தேவைக்காகப் பிறந்தது அது. 940-இன் படிக்க-மட்டும் பிட் ஒரு பக்கத்துக்குக் கொடுத்த காவலை, நோசிஸ் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிச் சாவியாகக் கொடுத்தது. சாவி கையில் இல்லாத நிரலுக்கு அந்தப் பொருளைச் சுட்டக் கூட வழி இருக்காது.

வகுப்பில் செய்து காட்ட வேண்டுமென்றால்: 32 கட்டம் வரைந்த அட்டை ஒன்று, ஆளுக்கு எட்டுச் சீட்டு, ஆறு மாணவர்கள். எடிட்டருக்கு ஐந்து சீட்டைப் பொதுவாக வைத்து, மானிட்டருக்கு எட்டுக் கட்டத்தை ஒதுக்கிவிடுங்கள். பொதுச் சீட்டு உள்ளபோது ஆறு பேருக்கும் தலா மூன்று சொந்தச் சீட்டு, மொத்தம் 23 கட்டம், இடம் மிஞ்சும். பொதுவை எடுத்துவிட்டு ஆளுக்கு எட்டு என்றால் 48 வேண்டும், இருப்பது 24. யார் சீட்டை வெளியே எடுப்பது என்று அவர்களே முடிவு செய்யட்டும்.